எவ்வளவு சாப்பிட்டாலும் என்றால், எவ்வளவு?

கேள்வி: வயது 24. உயரம் 175 செ.மீ., எடை 54 கிலோ. பள்ளி நாளிலிருந்தே ஒல்லிதான். ஜிம்மில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது, வாரம் ஆறு நாள் போகிறேன். ஏறியது ஒரே ஒரு கிலோ. எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டவே மாட்டேன் என்கிறது. “நீ எக்டோமார்ஃப், உனக்குச் சதை போடுறது கஷ்டம், எடை ஏத்துற கெய்னர் பவுடர் வாங்கு” என்கிறார் டிரெய்னர். கூட வருகிற ஒருவர், “ஒரே ஒரு கோர்ஸ் ஹார்மோன் ஊசி போடு, மூணு மாசத்துல ஆளே மாறிடுவே” என்கிறார். மூன்று நாள் சாப்பிட்டதையும் என் பயிற்சி அட்டவணையையும் எழுதி அனுப்பியிருக்கிறேன். என் உடல்வாகே இப்படித்தானா? கடைசியாக ஒன்று, சிரிக்காதீர்கள்: முழுக்கை டி-ஷர்ட் போட்டுக்கொண்டு ஜிம்முக்குப் போகலாமா? என் மணிக்கட்டைப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, சிரிக்கவில்லை. நானும் 52 கிலோவில் ஜிம் படியேறியவன்தான். டி-ஷர்ட் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

“எவ்வளவு சாப்பிட்டாலும்” என்று சொல்லாத ஒல்லிப் பையனை நான் இதுவரை பார்த்ததில்லை. “எவ்வளவு சாப்பிடுறே?” என்று திருப்பிக் கேட்டால், பதில் சொன்ன ஒல்லிப் பையனையும் பார்த்ததில்லை. நீங்கள் எழுதியே அனுப்பிவிட்டீர்கள், அதனால் என் வேலை சுலபம். உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை நண்பர் வீட்டு விருந்து: கிட்டத்தட்ட 3,200 கலோரி. திங்கள் காலை ஒரு டீ, இரண்டு பிஸ்கட். மதியம் “பசியில்லை, பாதி தட்டு” என்று நீங்களே குறித்திருக்கிறீர்கள். அன்றைய மொத்தம், தாராளமாகப் போட்டாலும் 1,700. செவ்வாய் சுமார் 2,000. மூன்றையும் கூட்டி வகுத்தால் ஒரு நாளைக்கு 2,300.

உங்கள் வயது, உயரம், எடை, ஜிம் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் உங்கள் உடம்பு ஒரு நாளில் செலவழிப்பதும் ஏறக்குறைய அதே 2,300, 2,400தான். வரவும் செலவும் சரிக்குச் சரி. அப்புறம் எடை எங்கிருந்து ஏறும்? உங்கள் மனசில் நிற்பது ஞாயிற்றுக்கிழமை விருந்து. உடம்பு அதை மறுநாளே பசியைக் குறைத்து ஈடுகட்டிவிட்டது. திங்கட்கிழமையின் பாதி தட்டு யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

இதில் உடல்வாகுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1999-இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு நடத்தினார்கள். 16 பேருக்கு எட்டு வாரம், அவரவர் தேவைக்கு மேல் தினமும் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் அதே கூடுதல்தான். ஆனால் ஒருவருக்கு உடம்பில் ஏறிய கொழுப்பு அரை கிலோகூட இல்லை, இன்னொருவருக்கு நாலு கிலோவுக்கு மேல். வித்தியாசம் எங்கே என்று பார்த்தால், ஏறாதவர்கள் தங்களுக்கே தெரியாமல் அதிகம் அசைந்திருக்கிறார்கள். எழுந்து நிற்பது, நடப்பது, உட்கார்ந்த இடத்தில் நெளிவது, இப்படி. அதிலேயே ஒருவர் நாளுக்கு 700 கலோரி வரை கூடுதலாகச் செலவழித்திருக்கிறார். போனில் பேசும்போது அறைக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடப்பீர்களா? உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்குமா? அப்படியென்றால் நீங்களும் அந்தக் கட்சிதான். காலாட்டுவதை நிறுத்தச் சொல்லவில்லை, முயன்றாலும் நிற்காது. நீங்கள் கூடுதலாகப் போடுவதில் ஒரு பங்கை உடம்பு இப்படிச் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளும், அதையும் சேர்த்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

‘எக்டோமார்ஃப்’ என்ற சொல்லை மட்டும் மறந்துவிடுங்கள். 1940-களில் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் புகைப்படங்களை வைத்து மனிதர்களை மூன்று வாகாகப் பிரித்தார், அதில் ஒல்லி வாகுக்கு வைத்த பெயர் அது. உடம்பின் அமைப்பை வைத்து ஆளின் குணத்தைச் சொல்லிவிடலாம் என்பது அவர் எண்ணம். எடை தூக்கினால் யாருக்குத் தசை வளரும், யாருக்கு வளராது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எலும்பின் பருமன், தோள் அகலம் எல்லாம் பிறப்போடு வருவதுதான், மறுக்கவில்லை. ஆனால் தசை வளராத வாகு என்று ஒன்று அந்தப் பட்டியலில் கிடையாது.

இப்போது சாப்பாடு. இலக்கு 2,700 கலோரி என்று வையுங்கள். சாப்பாட்டு வேளையில் இன்னும் ஒரு கரண்டி, இன்னும் ஒரு கரண்டி என்று திணிக்காதீர்கள். நான் அப்படித்தான் செய்தேன், பத்தாவது நாள் தட்டைப் பார்த்தாலே குமட்டியது. குறைந்த இடத்தில் அதிகக் கலோரி போவதற்குக் குடிப்பதுதான் வழி. 400 மி.லி. கொழுப்பு நீக்காத பால், ஒரு வாழைப்பழம், இரண்டு மேசைக்கரண்டி வேர்க்கடலை வெண்ணெய், ஒரு கைப்பிடி ஓட்ஸ். மிக்ஸியில் அடித்தால் சுமார் 700 கலோரி, 25 கிராம் புரதம். ஒரே மூச்சில் குடிக்க வேண்டாம். பாதியைக் காலை டீ, பிஸ்கட் இருக்கிற இடத்தில் வையுங்கள், மீதியை இரவு சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து. பால் ஒத்துக்கொள்ளாதவர் சோயா பாலில் செய்துகொள்ளலாம். திங்கட்கிழமை பசியில்லாவிட்டாலும் இந்தக் கிளாஸ் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விருந்தைவிட அதுதான் முக்கியம்.

புரதம் ஒரு கிலோ எடைக்கு 1.6 கிராம் என்று வையுங்கள், உங்களுக்கு நாளுக்குச் சுமார் 90 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம், ஒரு டம்ளர் பாலில் எட்டு கிராம். பருப்பு, தயிர், மீன், கோழி, சோயா, எதுவானாலும் மூன்று நான்கு வேளையாகப் பிரிந்து வந்தால் போதும். 90-ஐ 180 ஆக்கினால் தசை இரட்டிப்பாகாது. வயிறு நிறைந்து மற்ற சாப்பாடு உள்ளே போகாது. உங்களுக்கு அது நஷ்டம்.

டிரெய்னர் சொன்ன கெய்னர் டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். பெரும்பாலானவற்றில் முதலில் இருப்பது மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது மாவுச்சத்துப் பொடி. மேலே சொன்ன கிளாஸே அந்த வேலையைச் செய்கிறது. வே புரோட்டீன் வேறு, அது பாலிலிருந்து எடுத்த உணவு. சாப்பாட்டில் 90 கிராம் எட்டாத நாளில் ஒரு ஸ்கூப் போடலாம், எட்டினால் தேவையில்லை. கடையில் விற்கும் பொடிகளில் தசைக்குப் பயன் நன்றாக நிரூபணமானது கிரியேட்டின் மோனோஹைட்ரேட். தினம் 3 முதல் 5 கிராம். முதல் சில வாரத்தில் ஒரு கிலோ ஏறும், அது தசைக்குள் போன தண்ணீர், துள்ளிக் குதிக்காதீர்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. மற்றவர்களும் ரத்தப் பரிசோதனைக்குப் போனால் கிரியேட்டின் எடுப்பதைச் சொல்லிவிட வேண்டும். அறிக்கையில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் அளவு) கொஞ்சம் கூடித் தெரியும், வீண் பயம் வரும்.

உங்கள் பயிற்சி அட்டவணைக்கு வருகிறேன். திங்கள் நெஞ்சு, செவ்வாய் பைசெப்ஸ், புதன் தோள், வியாழன் மறுபடி நெஞ்சு, வெள்ளி மறுபடி பைசெப்ஸ், சனி வயிறு. கால் எங்கே, தம்பி? முதுகு எங்கே? கண்ணாடியில் தெரிகிற பாகங்கள் மட்டும் உடற்பயிற்சி செய்கின்றன. உடம்பின் பெரிய தசைகள் தொடையிலும் பின்புறத்திலும் முதுகிலும் இருக்கின்றன. எடை ஏற வேண்டும் என்பவன் அவற்றை விட்டுவைத்தால் எப்படி?

ஆறு நாளை மூன்றாக்குங்கள். திங்கள், புதன், வெள்ளி. மூன்று நாளும் முழு உடம்பு. ஒரு நாள் ஸ்குவாட் (எடைக் கம்பியை, அதாவது பாரை, தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி பாரை மேலே தள்ளுவது), ரோயிங் (எடையை வயிற்றை நோக்கி இழுப்பது). அடுத்த முறை ருமேனியன் டெட்லிஃப்ட் (எடையைப் பிடித்து இடுப்பிலிருந்து குனிந்து நிமிர்வது), ஷோல்டர் பிரஸ் (தலைக்கு மேல் தள்ளுவது), லேட் புல்டவுன் (மேலே இருக்கும் கம்பியை நெஞ்சுக்கு இழுப்பது). இப்படி மாற்றி மாற்றி. ஒவ்வொன்றும் மூன்று செட், அதாவது நிறுத்தாமல் செய்யும் மூன்று சுற்று. செட்டுக்கு நடுவில் இரண்டு மூன்று நிமிடம் ஓய்வு, போனைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடமல்ல. ஆசைக்குக் கடைசியில் இரண்டு செட் பைசெப்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், நானும் போட்டவன்தான்.

எவ்வளவு எடை என்று கேட்பீர்கள். ஒரு செட் முடியும்போது இன்னும் ஒன்றிரண்டு ரெப் (ஒரு முறை தூக்கி இறக்கினால் ஒரு ரெப்) சரியான முறையில் போட முடியும் என்கிற நிலையில் நிறுத்த வேண்டும். பத்து ரெப் முடித்துவிட்டு இன்னும் பத்து போடலாம் போலிருந்தால், அது வேலையே இல்லை. முதுகு வளைந்து, மூச்சுப் பிடித்து, பக்கத்தில் இருப்பவர் பாதி தூக்கிவிட்டால் அதுவும் வேலை இல்லை.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். என்னிடம் பழையது ஒன்று இன்னும் இருக்கிறது, வியர்வை பட்டு மை கலைந்துபோய். அதில் ஒரு பக்கம்: “பெஞ்ச் 25 கிலோ - 10, 9, 7.” மூன்று செட்டில் போட்ட ரெப் கணக்கு அது. அடுத்த வாரம்: “25 - 10, 10, 8.” அதற்கடுத்து: “25 - 11, 10, 10.” இப்படியே போய் ஒரு நாள் 12, 12, 12. அன்றைக்குப் பாரின் இரண்டு முனையிலும் 1.25 கிலோ தட்டு ஒவ்வொன்று. மறுபடி “27.5 - 9, 8, 7.” பார்க்கச் சின்னதாக இருக்கும் அந்தத் தட்டு, உள்ளங்கை அளவுதான். அதைப் போடுவதற்காகத்தான் மற்ற எல்லாம். கிரேக்க மல்லன் மைலோ தினமும் ஒரு கன்றைத் தூக்கித் தூக்கி, அது காளையான பிறகும் தூக்கினான் என்று கதை சொல்வார்கள். கதையோ நிஜமோ, வழி அதுதான். உங்கள் மூன்று மாதத்தில் என்ன எடையில் ஆரம்பித்தீர்கள், இப்போது என்ன எடை என்று கடிதத்தில் எங்குமே இல்லை. உங்களுக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

அந்த மூன்று மாதம் வீண் என்று நினைக்க வேண்டாம். முதல் சில வாரங்களில் கூடும் பலம் பெரும்பாலும் நரம்புகள் பழகுவதால் வருவது. இருக்கிற தசையை முழுசாக வேலை வாங்க மூளை கற்றுக்கொள்கிறது. தசை அதன் பின்னால் மெதுவாக வரும், தீனி போட்டால்.

எடையை எப்படிப் பார்ப்பது? தினமும் காலையில் கழிப்பறை போய்வந்து, எதுவும் சாப்பிடுவதற்கு முன். வாரத்தின் ஏழு எண்ணையும் கூட்டிச் சராசரி எடுங்கள். ஒரு நாள் எண்ணை நம்பாதீர்கள். உப்பும் தண்ணீரும் ஒரு கிலோவை இங்கேயும் அங்கேயும் ஆட்டிவைக்கும். வாரத்துக்கு 200, 250 கிராம் ஏறினால் சரியான வேகம், மாதம் ஒரு கிலோ. இரண்டு வாரம் சராசரி நகரவில்லை என்றால் இன்னும் 200 கலோரி சேருங்கள். மாதம் மூன்று கிலோ ஏறுகிறதென்றால் சந்தோஷப்படாதீர்கள், பாதிக்கு மேல் தொப்பை.

காலை ஐந்தரைக்கு எழுந்து ஜிம், இரவு ஒரு மணிக்குத் தூக்கம் என்று அட்டவணையின் மூலையில் எழுதியிருக்கிறீர்கள். நாலரை மணி நேரத் தூக்கத்தில் எந்த உடம்பும் தேறாது. ஏழு மணி நேரமாவது வேண்டும். முடியாதென்றால் ஜிம்மைச் சாயங்காலத்துக்கு மாற்றுங்கள்.

ஊசி. இதில் வேடிக்கைப் பேச்சு இல்லை. வெளியிலிருந்து ஆண் ஹார்மோன் போனால், இனி நாம் சுரக்க வேண்டியதில்லை என்று மூளை விதைகளுக்குப் போகும் கட்டளையை நிறுத்திவிடும். விதை சுருங்கும், விந்தணு குறையும். ஊசியை நிறுத்தினாலும் பழைய நிலைக்குத் திரும்ப மாதக்கணக்காகும், சிலருக்கு முழுசாகத் திரும்புவதே இல்லை. மார்பு பெண்களுக்குப் போலப் பெருக்கலாம், ரத்தத்தில் இருக்கும் நல்ல கொழுப்பு (எச்.டி.எல்.) குறையும், இதயத் தசை தடிக்கும், மாத்திரையாக எடுத்தால் ஈரலுக்கும் கேடு. 24 வயதில் உங்கள் உடம்பே தாராளமாகச் சுரக்கிற சரக்கு அது. தினம் 400 கலோரி பற்றாக்குறைக்கு ஹார்மோன் ஊசியா? அந்தக் குப்பிக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்பது உங்கள் நண்பருக்கும் தெரியாது.

நோட்டு வாங்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் உயரத்துக்கு 54 கிலோ என்றால் பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் எண்) 17.6. ஆரோக்கிய வரம்பு 18.5-இல் தொடங்குகிறது. சிறுவயதிலிருந்தே இப்படி என்பதால் பெரும்பாலும் பயமில்லை. இருந்தாலும் ஒருமுறை டாக்டரைப் பார்த்து தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபின் பரிசோதித்துவிடுங்கள். இருக்கிற எடை காரணமில்லாமல் குறைவது, ஓயாத தாகம், படபடப்பு, விடாத வயிற்றுப்போக்கு, விடாத இருமல், இதில் ஏதாவது இருந்தால் ஜிம்மை நிறுத்திவிட்டு முதலில் அங்கே போங்கள். புதுப் பயிற்சி தொடங்கி இரண்டு மூன்று நாள் தொடை வலிப்பது சகஜம். ஆனால் வலி தாங்க முடியாமல், சிறுநீர் கருங்காப்பி நிறத்தில் போனால் அன்றைக்கே மருத்துவமனை. தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கும் அபாயம் அது, முதல் நாளே வீரம் காட்டுபவர்களுக்கு வருவது.

டி-ஷர்ட். தாராளமாக முழுக்கை போடுங்கள். வழவழவென்ற விளையாட்டுத் துணி வேண்டாம், பருத்தியாக இருக்கட்டும். ஸ்குவாட்டுக்குப் பாரைத் தோளில் ஏற்றும்போது வழுக்காமல் நிற்கும்.