ஏழில் ஐந்து: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சப்தரிஷி மண்டலம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு மாடிக்குப் போய்ப் பார்த்தேன். ஏழும் ஒரே குடும்பம் போலத் தெரிந்தன. ஆனால், ‘அவற்றுக்குள் எந்த உறவும் இல்லை, நாம்தான் கோடு போட்டுச் சேர்க்கிறோம்’ என்கிறார் நண்பர். உண்மையா?

ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

பெரும்பாலான விண்மீன் கூட்டங்களுக்கு நண்பர் சொல்வது சரி. இங்கே மட்டும் உங்கள் கண் முக்கால்வாசி ஜெயித்திருக்கிறது. ஏழில் ஐந்து உடன்பிறந்தவைதான்.

ஏழும் சேர்ந்து காட்டும் அகப்பை வடிவத்தின் விளிம்பில் இருக்கும் துபேயையும் காம்பின் நுனியில் இருக்கும் அல்கைடையும் விட்டுவிடுங்கள். நடுவிலுள்ள ஐந்தும் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருக்கின்றன. 1869-இல் இதைக் கவனித்துச் சொன்னவர் ஆங்கிலேய வானியலாளர் ரிச்சர்ட் புரோக்டர். ஒரே வாயு மேகத்தில் பிறந்து மெல்லப் பிரிந்துகொண்டிருக்கும் கூட்டம் அது. வயது சுமார் 40 கோடி ஆண்டுகள். ஐந்தும் நம்மிடமிருந்து 80 ஒளியாண்டுகளை ஒட்டி இருக்கின்றன. அல்கைட் 100-ஐத் தாண்டுகிறது, துபே 120-ஐயும் தாண்டுகிறது. அதாவது ஒரே பார்வையில் உங்கள் கண்ணுக்குள் வந்த ஒளியில் துபேயுடையது, ஐவருடையதைவிட நாற்பது வருடம் முன்பே கிளம்பியது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

துபேயும் அல்கைடும் வேறு வழியில் போவதால் அகப்பை நிலைக்காது. ஒரு லட்சம் வருடத்தில் வடிவம் நன்றாகவே மாறிவிடும்.

ஐவரில் எனக்கு மிகப் பிடித்தது காம்பின் நடுவில் இருக்கும் மிசார், அதாவது வசிஷ்டர். பக்கத்தில் மங்கலாக அருந்ததி. தொலைநோக்கியில் வசிஷ்டரே இரண்டாகத் தெரிவார். அப்புறம் 1889-இல் அமெரிக்க வானியலாளர் எட்வர்ட் பிக்கரிங் அந்த இரண்டில் பிரகாசமானதன் நிறமாலையை, அதாவது அதன் ஒளி நிறம் நிறமாகப் பிரிந்த பட்டையைக் கவனித்தார். அதில் ஒரு கோடு சில நாள் ஒன்றாகவும் சில நாள் இரண்டாகவும் இருந்தது. ஒன்றையொன்று சுற்றும் இரண்டு விண்மீன்களில் ஒன்று நம்மை நோக்கியும் மற்றது விலகியும் நகரும்போதுதான் கோடு அப்படிப் பிரியும். அன்றைய எந்தத் தொலைநோக்கியும் பிரித்துக் காட்டாத ஒரு ஜோடி, ஒளியின் வழியாக மட்டும் பிடிபட்டது அதுவே முதல்முறை. வசிஷ்டரின் இரண்டில் மங்கலானதும் ஜோடிதான் என்று பிறகு தெரிந்தது. 2009-இல் அருந்ததிக்கும் ஒரு மங்கலான துணை கிடைத்தது. நீங்கள் இரண்டு என்று பார்த்த இடத்தில் ஆறு சூரியன்கள்!

அடுத்தமுறை பைனாகுலர் இருந்தால் முதலில் துபேயைப் பாருங்கள். லேசான ஆரஞ்சு நிறம் தெரியும். அங்கிருந்து நடு ஐந்துக்கு நகருங்கள், எல்லாம் வெள்ளை.