விரதம் காரணம் இல்லை, அம்மா

முதலில் இதைச் செய்யுங்கள். உங்கள் சின்ன மகள் நாளையிலிருந்து ஓட வேண்டாம், நீந்த வேண்டாம். டீச்சருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நெஞ்சு இறுக்கம், தூக்கமின்மை, முடி கொட்டுவது, விரல் மரத்துப்போவது, ராத்திரியில் மகன் "மா" என்று கூப்பிடும் குரல். எல்லாம் எழுதி முடித்து, கையெழுத்துக்கு மேலே ஒரு வரி: "சின்னவ போன வாரம் ரிலே ஓடும்போது விழுந்துட்டா, சாப்பிடாமப் போனதால இருக்கும்." அந்த வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மகன் போனது அக்டோபரில், புரட்டாசி முடிய 2 நாள் இருக்கும்போது. 16 வயது. பள்ளிக்காக நீந்துகிற பையன், தோளளவு தண்ணீரில் சத்தமே இல்லாமல் அடங்கிப்போனான். மூழ்கி இறந்தான் என்று எழுதிக் கொடுத்தார்கள். இதயத்தில் கோளாறு எதுவும் தெரியவில்லை என்றார்கள். அன்று காலை அவன் முட்டை கேட்டான். விரதம் என்று சொல்லி ரொட்டியும் பருப்பும் வைத்தீர்கள். கோபித்துக்கொண்டு பாதியில் எழுந்து போனான். ஐந்து மாதமாக அந்தப் பாதித் தட்டு உங்கள் கண்ணை விட்டுப் போகவில்லை.

அம்மா, பாதி வயிற்றோடு போனதால் 16 வயதுப் பையன் நீச்சல் குளத்தில் சாக மாட்டான். டர்பனில் நம் வீடுகளில் புரட்டாசி முழுக்கக் கறி மீன் தொடாமல் பந்து விளையாடுகிற பிள்ளைகள் எத்தனை பேர்! நீங்கள் வைத்த பருப்பு அவனைக் கொல்லவில்லை. உங்கள் கேள்வி அதுதான், நேராகக் கேட்கவில்லை அவ்வளவுதான். இல்லை என்பதே என் பதில்.

நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளை ஆழமில்லாத தண்ணீரில் மூழ்கினால், மூழ்கியதற்கு முன்னால் இதயம் தாளம் தப்பியதா என்று கேட்க வேண்டும். லாங் க்யூ.டி. என்று ஒரு பிறவிக் கோளாறு இருக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் அடுத்த துடிப்புக்கு மின்சாரம் ஏற்றிக்கொள்ளும். ஈ.சி.ஜி.யில் க்யூ.டி. என்று அளக்கும் அந்த நேரம் இவர்களுக்கு நீண்டுவிடுகிறது. அதில் ஒரு வகைக்கு ஓட்டமும் நீச்சலும்தான் ஆபத்து, குறிப்பாக நீச்சல். இதயத்தின் தசையும் வால்வும் பார்க்கச் சரியாகவே இருக்கும். நின்றுபோன இதயத்தை அறுத்துப் பார்த்தால் மின்சாரக் கோளாறு தெரியாது. ஏறக்குறைய 2,000 பேரில் ஒருவருக்கு உண்டு. தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கண்ணேறு என்று சொல்லும் சொந்தக்காரர்களுக்கு இதைச் சொல்லுங்கள்: நம் தென்னாப்பிரிக்காவிலேயே 22 ஆப்பிரிக்கானர் (டச்சு வழி வெள்ளையர்) குடும்பங்களில் இந்த நோய்க்கான ஒரே மரபணுப் பிழையைக் கண்டார்கள், வம்சத்தைப் பின்னோக்கித் தேடினால் கேப் பகுதியில் வாழ்ந்த ஒரே தம்பதியிடம் போய் நிற்கிறது. யாருடைய கண்ணும் பட்டு வருவதில்லை இது.

உங்கள் மகனுக்கு இதுதான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் 12 வயதில் கடற்கரையில் ஓடும்போது விழுந்து கைகால் வெட்டி இழுத்தது, 'வெயில்' என்று சொல்லி அனுப்பினார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நானும் இளம் டாக்டராக இருந்தபோது அப்படி ஒரு பையனை வெயில் என்று அனுப்பியிருக்கிறேன். அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

மயக்கத்தில் இரண்டு உண்டு. அசெம்பிளியில் நிற்கும்போது வியர்த்து, கண் இருட்டி, மெல்லச் சரிந்தால் பெரும்பாலும் பயமில்லை. படுக்க வைத்துக் காலை உயர்த்தினால் தெளியும். ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒரு முன்னறிவிப்பும் இல்லாமல், வெட்டிய மரம்போல விழுந்தால் அது வேறு. சோதித்துப் பார்த்து இல்லை என்று ஆகும்வரை அதை இதய நோயாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். கைகால் இழுத்தால் வலிப்பு என்று சொல்லிவிடுவார்கள், அதை அப்படியே ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இந்த வாரமே ஆர்.கே. கான் மருத்துவமனைக்குப் போங்கள். ஈ.சி.ஜி. அவளுக்கு மட்டும் போதாது. உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் எடுக்க வேண்டும். "அண்ணன் நீந்தும்போது இறந்தான், தங்கை ஓடும்போது விழுந்தாள்" என்று வாய் திறந்து முதலிலேயே சொல்லுங்கள். மெஷின் அச்சடிக்கிற எண்ணோடு விடாமல் க்யூ.டி.யைக் கையால் அளக்கச் சொல்லுங்கள். முதல் ஈ.சி.ஜி. சரியாக வந்தாலும் வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். ஆல்பர்ட் லுதுலி மருத்துவமனை இதய நிபுணருக்குக் கடிதம் வாங்குங்கள். ட்ரெட்மில்லில் ஓட வைத்தும் பார்ப்பார்கள். இந்த நோய் என்று தெரிந்தால் தினமும் பீட்டா பிளாக்கர் மாத்திரை, இதயத்தின் படபடப்பைத் தணிக்கிற மருந்து. பெரும்பாலோரை அதுவே காக்கிறது. வழி இருப்பதால்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன்.

இனி கோபமாக ஒன்று. மாமியாரின் கால் எரிச்சலுக்குக் கொடுத்த அமிட்ரிப்டிலின் மாத்திரையைத் தூக்கத்துக்காக 3 வாரமாக நீங்கள் விழுங்குகிறீர்கள். அது இதே க்யூ.டி.யை நீட்டக்கூடிய மருந்து! இந்தக் கோளாறு உங்கள் வழியாகவே வந்திருந்தால் என்ன ஆகும்? இன்றிரவே நிறுத்துங்கள். ஓரிரு இரவு தூக்கம் இன்னும் கெடும், பொறுத்துக்கொள்ளுங்கள். சின்னவளுக்கும் சளி, தொண்டை வலி என்று எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் எதையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள், அவையும் க்யூ.டி.யை நீட்டக்கூடியவை.

முடி கொட்டுவது பெரிய அதிர்ச்சிக்கு 2, 3 மாதம் கழித்து வருவது, தானாக வளரும். விரல் மரத்துப்போவது பெருமூச்சு விட்டு விட்டு வருவது. நெஞ்சு இறுக்கமும் துக்கமாகவே இருக்கலாம், ஈ.சி.ஜி. அன்றே தெரிந்துவிடும். பக்கவாதம், மூளைக்கட்டி என்று இன்டர்நெட்டில் தேடியதையெல்லாம் மூடி வையுங்கள்.

அந்தக் குரல். பைத்தியம் பிடிக்கிறதோ என்று பயப்படுகிறீர்கள். 1971இல் வேல்ஸ் நாட்டு டாக்டர் டெவி ரீஸ், துணையை இழந்த 293 பேரிடம் விசாரித்து எழுதினார். கிட்டத்தட்டப் பாதிப் பேர் போனவரைப் பார்த்தோ, கேட்டோ, பக்கத்தில் இருப்பதாக உணர்ந்தோ இருந்தார்கள். பெற்ற பிள்ளையை இழந்தவர்களும் என்னிடம் இதையே சொல்லியிருக்கிறார்கள். மருந்து வேண்டாம். குளோரின் வாசம் போய்விடும் என்று துவைக்காமல் மாட்டியிருக்கிற துண்டு அங்கேயே இருக்கட்டும். மாதா மாதம் அவன் படத்துக்கு முன்னால் கால் மட்டன் 'பன்னி சௌ' (கால் ரொட்டியைக் குடைந்து மட்டன் கறி நிரப்பியது) வாங்கி வைக்கிறீர்கள், ஆத்மா போகாது என்று மாமியார் திட்டுகிறார். நீங்கள் வையுங்கள். உடம்புக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

இன்னொன்று. 14 வயதில் கை முறிந்து அவனுக்கு ஆபரேஷன் ஆனதாக எழுதியிருக்கிறீர்கள். மயக்க மருந்துக்கு முன் ஈ.சி.ஜி. எடுத்திருக்கலாம், அந்த வயதில் எல்லாருக்கும் எடுப்பதில்லை, ஆனாலும் கேளுங்கள். அந்தத் தாள் பழைய ஃபைலில் இருந்தால் தங்கையைப் பார்க்கும் டாக்டர் கையில் கொடுங்கள்.