7 மீனைக் கொன்றது வெள்ளைப் புள்ளி, 24 மீனைக் கொன்றது எது?

கேள்வி: ஐயா, கொளத்தூர்ப் பக்கம் வீட்டுப் பின்கட்டில் நான்கு சிமெண்ட் தொட்டி வைத்து வண்ணமீன் வளர்க்கிறேன். மகளிர் குழுக் கடனில் ஆரம்பித்தது. ஒரு தொட்டியில் (6 அடிக்கு 4 அடி, தண்ணீர் 1 அடி) ஒரண்டா கோல்டு ஃபிஷ் 75 இருந்தன. போன மாதக் கடைசியில் சந்தையில் இன்னும் 15 வாங்கி அதே தொட்டியில் விட்டேன். மார்கழி பிறந்ததும் உடம்பெல்லாம் ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளி, சுவரில் போய் உரசிக்கொண்டே இருந்தன. 4 நாளில் 7 மீன் செத்தன. மீன் கடைக்காரர் சொன்னபடி தண்ணீர் முழுவதையும் இறைத்துவிட்டு, தொட்டியையும் தண்ணீரை வடிகட்டும் ஸ்பாஞ்சையும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவி, குழாய்த் தண்ணீர் நிரப்பி, 10 டெட்ராசைக்ளின் கேப்சூலும் நீல மருந்தும் ஊற்றினேன். அன்று ராத்திரியே எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. விடிந்து பார்த்தால் 24 செத்துக் கிடந்தன. இப்போது இருப்பது 59. நோய் முற்றிவிட்டது, 1,400 ரூபாய்க்கு வெளிநாட்டு மருந்து போட்டால்தான் பிழைக்கும் என்கிறார். என்னிடம் 500 ரூபாய்தான் இருக்கிறது. தவணை வேறு கட்ட வேண்டும். மலிவான மருந்து ஒன்றின் பெயரை மட்டும் சொல்லுங்கள்.

பதில்: அம்மா, பெயர் கல் உப்பு. ஆனால் அதை மட்டும் சொல்லிவிட்டு நான் போய்விட்டால் மீதி 59-ம் போய்விடும்.

உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. 4 நாளில் 7 மீன், அப்புறம் ஒரே ராத்திரியில் 24. வெள்ளைப் புள்ளி பொதுவாக இப்படி ஒரே ராத்திரியில் கொல்லாது. அது பல நாளில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்கும், மீன் சுருண்டு, துடுப்பை மடக்கி, தீனி எடுக்காமல் கிடந்து சாகும். மொத்தத் தொட்டியும் ஒரே நேரத்தில் மேலே வந்து வாய் பிளந்தால் செவுள் வெந்துவிட்டது, மூச்சு கிடைக்கவில்லை என்று அர்த்தம். பிளீச்சிங் பவுடரில் இருப்பது குளோரின். குழாய்த் தண்ணீரிலும் குளோரின். சிமெண்ட் தொட்டியின் சொரசொரப்பான சுவரில் பவுடர் போட்டுத் தேய்த்தால் இடுக்கில் தங்கியது எளிதில் போகாது, நன்றாக அலசி 2, 3 நாள் வெயிலில் காயப்போட வேண்டும். ஏற்கெனவே புள்ளி குத்திப் புண்ணான செவுளில் அது பட்டால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். அந்த 24 மீனை நோய் கொல்லவில்லை. கடைக்காரர் சொன்ன வைத்தியம் கொன்றது. நோய் முற்றிவிட்டது என்று அவரே இப்போது 1,400 கேட்கிறார் என்பதைப் படித்தபோது எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

அந்தக் கேப்சூல் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைப் புள்ளி பாக்டீரியா நோயே இல்லை. அது ஒற்றைச் செல் ஒட்டுண்ணி, தோலுக்கு அடியில் புகுந்து உட்கார்ந்து தின்னுகிறது. நீங்கள் பார்க்கிற வெள்ளை ரவைதான் அது. டெட்ராசைக்ளினுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது, மீன் கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் மிட்டாய் மாதிரி ஏன் இருக்கிறது? அதோடு உங்கள் பக்கத்துத் தண்ணீர் கடின நீர் என்றால் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து டெட்ராசைக்ளினைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பாக்டீரியா நோயாகவே இருந்தாலும் பாதிகூட வேலை செய்யாது. அது செய்த ஒரே வேலை, தொட்டியில் மிச்சம் மீதி இருந்த நல்ல பாக்டீரியாவைத் தாக்கியதுதான். நீல மருந்தும், அதாவது மெத்திலீன் ப்ளூவும், அதே கதை. முட்டையில் பூஞ்சை வராமல் இருக்க நானே அதைச் சிபாரிசு செய்வேன், ஆனால் ஓடுகிற தொட்டியில் ஊற்றக் கூடாது.

அந்த நல்ல பாக்டீரியா ஏன் முக்கியம்? மீன் கழிவில் பெரும்பகுதி செவுள் வழியாக அமோனியாவாகத் தண்ணீரில் கலக்கிறது. ஸ்பாஞ்சிலும் சுவரில் இருக்கிற வழவழப்பிலும் குடியிருக்கிற பாக்டீரியாதான் அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு கெடுதல் குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. புதுத் தொட்டியில் அந்தக் குடித்தனம் அமைய 4 முதல் 6 வாரம் ஆகும். நீங்கள் ஒரே மத்தியானத்தில் அதைக் கழுவிச் சாக்கடையில் விட்டீர்கள். அழுக்கு என்று நினைத்துத் தேய்த்தது அழுக்கு இல்லை, அம்மா. நான் பார்த்த பண்ணைகளில் மருந்தே இல்லாமல் செத்த மீனை விட, சுத்தம் செய்கிறேன் என்று கிளம்பியதால் செத்த மீன்தான் அதிகம். தண்ணீர் முழுவதையும் ஒரு நாளும் மாற்றாதீர்கள். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள், தொட்டித் தண்ணீரையே வாளியில் எடுத்து, அதில் ரெண்டு பிழி பிழிந்து திரும்பப் போடுங்கள். யார் என்ன சொன்னாலும் இதை மட்டும் மாற்றாதீர்கள்.

சரி, இன்றைக்குச் செய்ய வேண்டியது. தீனியை நிறுத்துங்கள். 3 நாள் முழுப் பட்டினி, கோல்டு ஃபிஷ் ஒரு வாரம்கூடத் தாங்கும், பயப்படாதீர்கள். தீனி போகவில்லை என்றால் அமோனியா வெகுவாகக் குறையும். குமிழி விடுகிற காற்றுக் கல் இன்னொன்று இருந்தால் அதையும் போடுங்கள். அடுத்து, கெமிக்கல் கடையில் சோடியம் தயோசல்ஃபேட் கேளுங்கள், ஹைப்போ என்றாலும் தருவார்கள், கற்கண்டு மாதிரி இருக்கும். 10 கிராம் பொட்டலம் நாலு கட்டித் தரச் சொல்லுங்கள். ஒரு பொட்டலத்தைக் கரைத்துத் தொட்டியில் ஊற்றினால் மிச்சமிருக்கிற குளோரின் நிமிஷத்தில் செத்துவிடும். பிறகு கால் பங்குத் தண்ணீரை, அடிமட்டத்தில் குழாய் வைத்து உறிஞ்சி வெளியேற்றி, முந்தின நாளே திறந்த டிரம்மில் பிடித்துக் காற்று ஓட்டி வைத்த தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். அவசரத்துக்குப் புதுத் தண்ணீர்தான் என்றால் அதில் முதலிலேயே ஒரு சிட்டிகை ஹைப்போ. கேப்சூலும் நீலமும் இப்படித்தான் குறைய வேண்டும், நாளைக்கும் இன்னொரு கால் பங்கு.

அப்புறம்தான் உப்பு. இதில் எல்லாரும் தவறுவது அளவில். ஒரு கை போட்டேன், ரெண்டு கை போட்டேன் என்பார்கள். யார் கை, எத்தனை லிட்டருக்கு? தொட்டியை அளந்து பாருங்கள். உங்களுடையது 6 × 4 × 1, அதாவது 24 கன அடி. ஒரு கன அடிக்கு 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேல், ஆகவே சுமார் 680 லிட்டர். லிட்டருக்கு 3 கிராம் வேண்டும். 2 கிலோ. தராசே வேண்டாம், ஒரு கிலோ பாக்கெட் ரெண்டு. ஒரே மூச்சில் கொட்டாதீர்கள், மூன்று பங்காக்கி 12 மணி நேரத்துக்கு ஒரு பங்கு, வாளியில் தொட்டித் தண்ணீரிலேயே கரைத்து, குமிழி வருகிற இடத்தில் ஊற்றுங்கள். கல்லாகப் போட்டால் கோல்டு ஃபிஷ் வாயில் எடுத்துப் பார்க்கும். அயோடின் கலந்த உப்பு ஆகாது என்று ஒரு பேச்சு உண்டு, அதிலிருக்கிற அயோடின் இந்த அளவில் ஒன்றும் செய்யாது, கல் உப்பு கிடைக்காவிட்டால் அதையே போடலாம். தொட்டியில் வேலம்பாசி மாதிரிச் செடி ஏதாவது இருந்தால் எடுத்துவிடுங்கள், உப்பில் கருகும்.

ஏன் உப்பு என்று இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன் என்றால், உங்கள் மீனுக்கு இப்போது இருக்கிற மூன்று கஷ்டத்துக்கும் அது ஒன்றே உதவும். நன்னீர் மீனின் ரத்தத்தில் லிட்டருக்கு 9 கிராம் அளவில் உப்பு இருக்கிறது, வெளியே தண்ணீரில் அநேகமாக இல்லை. அதனால் தண்ணீர் ஓயாமல் உடம்புக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும், மீன் அதை ஓயாமல் வெளியேற்றிக்கொண்டே இருக்கும். தோலிலும் செவுளிலும் ஓட்டை விழுந்துவிட்டால் அந்த வேலை தாங்க முடியாத வேலையாகிறது. வெளியே 3 கிராம் உப்பு இருந்தால் பாரம் குறைகிறது. இரண்டாவது, ஒட்டுண்ணி. புள்ளி பெரிதானதும் மீனை விட்டு உதிர்ந்து அடியில் போய் ஒட்டிக்கொள்ளும், அங்கே ஒன்று நூற்றுக்கணக்காகப் பிளந்து, குஞ்சுகள் நீந்தி வந்து இன்னொரு மீனைத் தேடும். ஒன்று ரெண்டு நாளுக்குள் மீன் கிடைக்கவில்லை என்றால் அவை செத்துவிடும். நீந்துகிற அந்த நேரத்தில்தான் உப்பு அவற்றைக் கொல்லும். தோலுக்குள் இருக்கிறதை உப்பும் தொடாது, 1,400 ரூபாய் மருந்தும் தொடாது. மூன்றாவது, பாக்டீரியா இல்லாத உங்கள் தொட்டியில் இன்னும் சில நாளில் நைட்ரைட் ஏறப்போகிறது. உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக நுழைவதைத் தடுக்கும்.

அதனால்தான் ரெண்டு நாளில் புள்ளி போகவில்லையே என்று பதறக் கூடாது. 25 டிகிரியில் ஒரு சுற்று முடிய ஒரு வாரம் வரை ஆகும், குளிர்ந்தால் இன்னும் இழுக்கும். மார்கழி ராத்திரியில் தொட்டி குளிர்வதால்தான் இந்த நோய்க்கு இப்போது பருவம். ராத்திரி மட்டும் கனமான பாலிதீன் தாளை மேலே இழுத்துக் கட்டுங்கள், காற்றுப் போக ஒரு ஓரம் திறந்திருக்கட்டும். முதல் நாலைந்து நாளில் புள்ளி கூடுவது போலக்கூடத் தோன்றும், ஏற்கெனவே உள்ளே இருந்தது வளர்ந்து தெரிகிறது, அவ்வளவுதான். தினமும் அடிமட்டத்தில் 70 லிட்டர், அதாவது 15 லிட்டர் வாளியில் நாலரை வாளி, உறிஞ்சி எடுங்கள். முட்டை மாதிரி ஒட்டியிருப்பவை அதில் போய்விடும். ஊற்றுகிற 70 லிட்டரில் 200 கிராம் உப்பு. ஆனால் வெயிலில் வற்றியதை ஈடுகட்ட ஊற்றும் தண்ணீரில் உப்பு வேண்டாம், தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே இருக்கும். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் 4 நாள் விடாதீர்கள். மொத்தம் 2 வாரம், 5 பாக்கெட் உப்பு, கொஞ்சம் ஹைப்போ. 500 ரூபாயில் பாதிகூட ஆகாது.

நடுவில் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து ஒவ்வொரு மீனாகப் பாருங்கள். புள்ளி செவுள் மூடியிலும், முன் துடுப்பின் முதல் முள்ளிலும் மட்டும், வரிசையாக, ஒரே அளவில் இருந்தால் அது நோயில்லை, இனப்பெருக்கத்துக்குத் தயாரான ஆண் மீன். அதைச் செத்துவிடும் என்று தூக்கிப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் மற்ற மூன்று தொட்டியில் புள்ளி எதுவும் தெரியவில்லை என்றால், 3 நாள் கழித்து அதில் ஒன்றின் ஸ்பாஞ்சை எடுத்து நோய்த் தொட்டியில் பிழிந்துவிடுங்கள், பழுப்பாகக் கலங்கும், அதுதான் உங்களுக்குத் தேவையான பாக்டீரியா. பிழிந்த ஸ்பாஞ்ச் திரும்ப நல்ல தொட்டிக்குப் போகக் கூடாது, இங்கேயே இருக்கட்டும். வலையும் அப்படித்தான், நோய்த் தொட்டிக்குத் தனி வலை. நல்ல தொட்டி வேலையை முடித்துவிட்டுக் கடைசியில் இதில் கை வையுங்கள். ஒரே ஒரு வலைதான் இருக்கிறது என்றால் ஒவ்வொரு முறையும் வெயிலில் மொறுமொறுவென்று காயட்டும்.

நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று, எனக்கு அதுதான் பெரிய கேள்வி. புதிதாக வாங்கிய 15-ஐ நேராக ஏன் விட்டீர்கள்? பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்திருக்கும். ஒருமுறை இந்த நோய் வந்து பிழைத்த மீனுக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிடும், ஒன்றிரண்டு ஒட்டுண்ணியைச் செவுளில் சுமந்துகொண்டு தெம்பாக நீந்தும். உங்கள் 75-க்கு அது புது நோய். வாங்கிய மீன் எதுவானாலும் 3 வாரம் தனி டிரம்மில் இருக்கட்டும். 200 லிட்டர் நீல டிரம்மைப் படுக்க வைத்து நெடுக்காக வெட்டினால் ரெண்டு தொட்டி ஆகும், ஒரு சிறிய ஏர் பம்ப் போதும். வாங்கும் இடத்திலும் கண்ணைத் திறந்து வையுங்கள். கடைத் தொட்டித் தண்ணீர் நீலமாகவோ மஞ்சளாகவோ இருந்தால் அங்கே வைத்தியம் நடக்கிறது, அந்த மீன் வேண்டாம். ஒரே வலையை எல்லாத் தொட்டியிலும் விடுகிற கடையில் எந்த மீனும் வேண்டாம்.

7 நாள் சரியான அளவில் உப்பு இருந்தும் புதுப் புள்ளி வந்துகொண்டே இருந்தால், மாலகைட் கிரீனும் ஃபார்மலினும் சேர்ந்த மருந்து உண்டு, வேலை செய்யும். ஆனால் அது தண்ணீரில் ஆக்ஸிஜனைக் குறைக்கும், கைக்கும் மூச்சுக்கும் நல்லதல்ல, கையுறை இல்லாமல் தொடக் கூடாது. இன்றைக்கு உங்கள் மீன் இருக்கிற நிலையில் அதை ஊற்றினால் தாங்காது.

அதற்கு முன்னால் மாதவரத்தில் மீன்வளப் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது, உங்களுக்குப் பக்கம்தான், அங்கே காட்டிவிடுங்கள். செத்த மீனை எடுத்துப் போகாதீர்கள், மீன் செத்ததும் இந்த ஒட்டுண்ணி இறங்கிப் போய்விடும், பார்க்க ஒன்றும் இருக்காது. ரொம்பச் சோர்ந்த ஒன்றை உயிரோடு, அதன் தொட்டித் தண்ணீரிலேயே, பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரும் மீதி காற்றுமாகக் கட்டி எடுத்துப் போங்கள். தனிப் பாட்டிலில் அரை லிட்டர் தண்ணீரும் வேண்டும், அமோனியா பார்க்க.