வெரி டேஞ்சரா, வெரி டேஞ்சரஸா?

கேள்வி: ஐயா, நான் தனுஷ்கோடிக்குச் சுற்றுலாப் பயணிகளை வேனில் அழைத்துப் போகிறேன். ஆழமான இடத்தில் யாரும் இறங்கிவிடக் கூடாதென்று நண்பர்களோடு சேர்ந்து ஆங்கிலத்தில் ஒரு போர்டு எழுதி வைத்தோம்: 'ஸீ இஸ் வெரி டேஞ்சர். டெப்த் வாட்டர்.' அதைப் பார்த்த ஒரு பயணி இரண்டு வரியும் தப்பு என்றார். எங்கே பெயர்ச்சொல் (நவுன்) வரும், எங்கே பெயரடை (அட்ஜெக்டிவ்) வரும்? ஒன்றிலிருந்து இன்னொன்றை எப்படி உண்டாக்குவது?
- வாசகர், பாம்பன்

பதில்: தம்பி, முதலில் போர்டைச் சரிசெய்துவிடுவோம். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். 'த ஸீ இஸ் வெரி டேஞ்சரஸ் ஹியர். டீப் வாட்டர். டூ நாட் என்டர்' என்று எழுதுங்கள். பலகை சின்னதாக இருந்தால் மேலே பெரிய எழுத்தில் 'டேஞ்சர்' என்று மட்டும் போட்டாலும் போதும். தனியாக நிற்கும்போது அந்தப் பெயர்ச்சொல் சரிதான். முன்னால் 'வெரி' வந்ததால்தான் தப்பாகிவிட்டது.

இந்தத் தப்பு ஏன் வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. தமிழில் ஆழம் என்பது பெயர்ச்சொல். 'ஆன' சேர்த்தால் ஆழமான கடல், 'ஆக' சேர்த்தால் ஆழமாக இருக்கிறது. அழகு, ஆபத்து, சந்தோஷம் என்று எதை எடுத்தாலும் பெரும்பாலும் இதே கதைதான். 'டேஞ்சரா இருக்கு' என்று ஆங்கிலச் சொல்லுக்கும் அதையே ஒட்டிக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் அப்படி எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு விகுதி கிடையாது. அதனால் நம் ஆட்கள் விகுதியே இல்லாமல் 'ஹி இஸ் வெரி டேலன்ட்', 'ஐ ஆம் வெரி கான்ஃபிடன்ஸ்' என்று சொல்லிவிடுகிறார்கள். 'டேலன்டட்', 'கான்ஃபிடன்ட்' என்று வர வேண்டும். இதற்காக யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. தமிழ் வாக்கியத்தின் பழக்கம் ஆங்கிலத்துக்குள்ளும் வருகிறது, அவ்வளவுதான்.

சொல் எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். 'வெரி'க்கு அடுத்து வந்தால் அது பெயரடையாக இருக்க வேண்டும்: வெரி டீப். 'த'வுக்கும் 'ஆஃப்'க்கும் நடுவில் ஒற்றைச் சொல்லாக வந்தால் பெரும்பாலும் பெயர்ச்சொல்: த டெப்த் ஆஃப் த ஸீ.

அடுத்து, உண்டாக்கும் வழி. பழைய ஆங்கிலச் சொற்களில் பலவற்றுக்கு ஒய் எழுத்து ஒன்றே போதும்: ஸான்ட்–ஸான்டி, விண்ட்–விண்டி, ஸ்டார்ம்–ஸ்டார்மி. உங்கள் பக்கத்துக் கரையைப் பற்றிச் சொல்ல இவையே நிறைய உதவும். பிரெஞ்சு, லத்தீன் வழியாக வந்த சொற்கள் 'அஸ்', 'அல்', 'இக்' என்று வேறு விகுதிகளை எடுக்கும்: டேஞ்சரஸ், ஃபேமஸ், கோஸ்டல், நேஷனல். 'ஃபுல்', 'லெஸ்' இரண்டும் இந்த வேறுபாடு பார்ப்பதில்லை. கேர்ஃபுல் போலவே பீஸ்ஃபுல்லும் உண்டு.

சில இடங்களில் பெயர்ச்சொல் ஒரு மொழியிலிருந்தும் பெயரடை இன்னொரு மொழியிலிருந்தும் வந்திருக்கும். 1066-ல் பிரெஞ்சு பேசிய நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதன்பின் பிரெஞ்சுச் சொற்கள் பெருகின, படித்தவர்கள் லத்தீனிலிருந்தும் நிறைய எடுத்துக்கொண்டார்கள். அதனால் 'ஸீ' பழைய ஆங்கிலச் சொல், அதற்குரிய பெயரடையான 'மரைன்' லத்தீன் வழி வந்தது. சன்–ஸோலார், மூன்–லூனார், டூத்–டென்டல் எல்லாம் இப்படித்தான். விகுதியை வைத்து இவற்றைக் கண்டுபிடிக்க முடியாது, ஜோடியாகவே மனப்பாடம் செய்யுங்கள். உங்கள் ஊர்ப் பக்கமே 21 தீவுகளைக் கொண்ட 'கல்ஃப் ஆஃப் மன்னார் மரைன் நேஷனல் பார்க்' இருக்கிறது. 1986-ல் அறிவிக்கப்பட்ட அந்தப் பூங்காவின் பெயரில் மரைன், நேஷனல் என இரண்டு பெயரடைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், பலரும் தடுமாறும் இடம் இது. பெயர்ச்சொல் உருமாறாமலே இன்னொரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்று பெயரடை வேலை பார்க்கும். தனுஷ்கோடியில் ஆண் கடல், பெண் கடல் என்கிறோமே, அதே மாதிரி. ஆங்கிலத்தில் 'ஃபிஷ் மார்க்கெட்' என்றால் மீன் சந்தை. 'ஃபிஷி' என்றால் மீன் வாடை அடிக்கிற, அல்லது சந்தேகத்துக்குரிய என்று பொருள். அதனால் பயணிகளிடம் 'ஃபிஷி மார்க்கெட்' என்று சொல்லிவிடாதீர்கள். 'ஸால்ட் வாட்டர்' தண்ணீரின் வகை, 'ஸால்ட்டி' அதன் ருசி. 1947-ல் தொடங்கி, பல ஆண்டுகள் மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த 'சென்ட்ரல் மரைன் ஃபிஷரீஸ் ரிசர்ச் இன்ஸ்டிடியூட்' பெயரைப் பிரித்துப் பாருங்கள்: சென்ட்ரல், மரைன் பெயரடைகள்; ஃபிஷரீஸ், ரிசர்ச் பெயர்ச்சொற்கள். பெயரடைகள் முதலில், வகை சொல்லும் பெயர்ச்சொற்கள் பிறகு. வரிசை பொதுவாக இதுதான். இப்படி முன்னால் நிற்கும் பெயர்ச்சொல் பெரும்பாலும் ஒருமையில் இருக்கும். டென் ருபீ நோட், ஷூ ஷாப். ஃபிஷரீஸ், ஸ்போர்ட்ஸ் போன்ற சில மட்டும் பன்மையிலேயே வரும்.

சரி, பெயரடையிலிருந்து பெயர்ச்சொல்லுக்கு வருவோம். 'நெஸ்' தாராளமாக ஒட்டும்: ஃப்ரெஷ்–ஃப்ரெஷ்னஸ், ஹாப்பி–ஹாப்பினஸ். 'இட்டி' லத்தீன் வழிச் சொற்களுக்கு உரியது, ஒலியையும் மாற்றிவிடும். 'நேஷனல்' என்பதில் முதல் அசையை அழுத்துகிறோம், 'நேஷனாலிட்டி'யில் அந்த அழுத்தம் 'னா'வுக்குப் போய்விடுகிறது. பேசும்போது இதைக் கவனிக்காவிட்டால் எதிரில் இருப்பவருக்குச் சட்டென்று புரியாது. டீப்–டெப்த், வைட்–விட்த், லாங்–லெங்த், ஸ்ட்ராங்–ஸ்ட்ரென்த் என 'த்' சேர்பவை கொஞ்சம்தான். பழைய விகுதி, புதிய சொற்களில் இப்போது சேர்வதில்லை. உள்ளே உயிரொலியும் மாறுவதால் இவற்றை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

போர்டு எழுதுகிறவர் என்பதால் எழுத்துகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'ஃபுல்' விகுதியாக வரும்போது கடைசியில் ஒரே ஒரு எல். ஹாப்பியின் ஒய், 'நெஸ்' சேரும்போது ஐ ஆகிவிடும். 'ஃபேம்' கடைசி ஈ எழுத்தை விட்டுவிட்டு 'ஃபேமஸ்' ஆகும். 'கரேஜ்' மட்டும் 'கரேஜஸ்' ஆகும்போதும் ஈயை விடாது, விட்டால் ஜகர ஒலி ககரமாகிவிடும்.