பாகவதர் கோயில் வாசல்ல பிச்சை எடுத்தாரா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, எங்க ஏரியா டீக்கடையில போன வாரம் பெரிய சண்டையே வந்துருச்சு. வாட்ஸ்அப்புல ஒரு வாய்ஸ் மெசேஜ் சுத்துது, அந்தக் காலத்து பாட்டுக்கார சினிமா ஹீரோ எம்.கே. தியாகராஜ பாகவதர் தங்கத் தட்டுல சாப்ட்டவரு, கடைசியில ரெண்டு கண்ணும் போயி கோயில் வாசல்ல துண்டை விரிச்சு பாடி, காசு வாங்கி, அநாதையா செத்தாருன்னு. எங்க தாத்தா அப்படியே எந்திரிச்சு "பொய் சொல்லாதீங்கடா"ன்னு கத்திட்டாரு. யார் சொல்றது சரி?
வாசகர், செல்லூர்

பதில்: உங்க தாத்தா சொல்றதுதான் சரி தம்பி, முதல்ல அவருக்கு என் வணக்கத்தை சொல்லிருங்க.

பாகவதர் செத்தது 1959 நவம்பர் 1, மெட்ராஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில. வயசு 49 தான். சக்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் இருந்துச்சு. உடம்பை சொந்த ஊரா அவர் நெனச்ச திருச்சிக்கு கொண்டுபோயி சங்கிலியாண்டபுரத்துல அடக்கம் பண்ணாங்க, சமாதி இன்னைக்கும் அங்கதான் இருக்கு. அநாதைப் பொணம்னா ஊர் விட்டு ஊர் இவ்வளவு தூரம் யார் தூக்கிட்டுப் போவா? இதை அந்த வாய்ஸ் மெசேஜ்ல பேசுன ஆளு யோசிச்சே பாக்கல.

இன்னொன்னு சொல்றேன், 1957ல புது வாழ்வுன்னு ஒரு படம் வந்துச்சு, அதுல நடிச்சதும் அவருதான் டைரக்ட் பண்ணதும் அவருதான். அவர் நடிச்ச சிவகாமி படம் அவர் செத்த பெறகு 1960ல ரிலீஸ் ஆச்சு. அப்ப கடைசி வருசங்கள்ல அந்த மனுசன் ஸ்டூடியோவுக்குப் போயிட்டு வந்துட்டு இருந்திருக்காரு, மேடையில கச்சேரி பண்ணிட்டு இருந்திருக்காரு, சாகறதுக்கு கொஞ்ச நாள் முன்னாடி பொள்ளாச்சியில பாடிட்டு வந்தாருன்னு தான் எழுதி வச்சிருக்காங்க. இதுல கோயில் வாசல்ல துண்டு விரிச்ச காலம் எது?

ஆனா ஒண்ணு, பொய் காத்துல இருந்து மொளைக்காது. பழைய காசு பணம் இல்ல, அது உண்மை. லட்சுமிகாந்தன் கொலைக் கேஸ்ல (அடுத்த பதில்ல சொல்றேன்) போனது போக, அப்பறம் எடுத்த படமெல்லாம் ஓடல. கண் பார்வையும் மங்கிருச்சு. சக்கரை வருசக்கணக்கா கட்டுப்படாம இருந்தா கண்ணுக்குள்ள பின்பக்கம் இருக்கற பொடிப் பொடி ரத்தக்குழாய் எல்லாம் கசிய ஆரம்பிச்சு பார்வையை தின்னுரும், இதை நம்மூர்க்காரங்களுக்கு வெளக்கிச் சொல்லத் தேவையில்ல, நம்ம மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி வராண்டாவுல ஒரு நாள் காலையில உக்காந்தா தெரியும். அந்த அரவிந்தே 1976ல தான் 11 படுக்கையோட ஆரம்பிச்சது. சக்கரைக்கு மாத்திரைன்னு ஒண்ணு உலகத்துல வந்ததே 1950கள் நடுவுல தான். பாகவதர் காலத்துல கண்ணுல கோளாறு வந்தா வந்ததுதான், லேசரெல்லாம் ஏது. அப்ப பார்வை மங்குன ஒரு பாட்டுக்காரர், கோயிலுக்குப் போற பழக்கமும் உண்டு, யாராவது கோயில்ல ஓரமா உக்காந்திருந்ததைப் பாத்திருப்பாங்க, அது ஒரு வாயில இருந்து இன்னொரு வாய்க்குப் போறப்ப துண்டு வந்துச்சு, துண்டு மேல சில்லறை வந்துச்சுன்னு தான் நான் நெனைக்கறேன். இது என் ஊகந்தான், ஆனா மேல சொன்ன தேதியும் படமும் ஊகம் இல்ல.

எனக்கு கோவம் எங்க வருதுன்னா, இந்தக் கதையை பரப்பறவங்க எல்லாம் பரிதாபப்படறேன்னு சொல்லிட்டுத்தான் பரப்பறாங்க. கடைசி வரைக்கும் தன் தொண்டையை நம்பி ஒழைச்சு சாப்ட்ட மனுசனை கையேந்த வச்சுப் பாக்கறது பரிதாபம் இல்ல தம்பி, அவமானம் பண்றது.

கேள்வி: ஜெயிலுக்குப் போனதுனால தான் மார்க்கெட் போச்சா? கொலை பண்ணிட்டு பணத்தை வச்சு வெளிய வந்தாருன்னும் சொல்றாங்களே?
வாசகர், திருமங்கலம்

பதில்: இந்தப் பேச்சுக்கு ஆரம்பமே ஒரு கிசுகிசு பத்திரிகை தான். லட்சுமிகாந்தன்னு ஒருத்தர் சினிமா தூதுன்னு ஒண்ணு நடத்துனாரு, நடிகர் நடிகைங்க வீட்டு விசயத்தை அசிங்க அசிங்கமா எழுதி, எழுதாம இருக்கணும்னா காசு குடுன்னு கேக்கற ரகம். பாகவதர், நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணன், டைரக்டர் ஸ்ரீராமுலு நாயுடு இவங்கல்லாம் கவர்னர்கிட்ட மனு குடுத்து அந்த லைசென்ஸை ரத்து பண்ண வச்சாங்க, ஆளு அசரல, இந்துநேசன்னு இன்னொரு பேர்ல வந்துட்டாரு. 1944 நவம்பர் 8 அன்னைக்கு மெட்ராஸ் வேப்பேரியில ரிக்ஷாவுல போறப்ப கத்திக்குத்து, மறுநாள் ஆஸ்பத்திரியில உயிர் போயிருச்சு. டிசம்பர்ல அந்தக் கொலைக் கேஸ்ல பாகவதரையும் என்.எஸ். கிருஷ்ணனையும் பிடிச்சாங்க. பாகவதர் நடிச்ச ஹரிதாஸ் அந்த தீபாவளிக்குத்தான் ரிலீஸ் ஆகியிருந்துச்சு, மெட்ராஸ் பிராட்வே தியேட்டர்ல மூணு தீபாவளி பாத்த படம் அது. தியேட்டர் உள்ள ஜனங்க டி.ஆர். ராஜகுமாரி முன்னாடி அவரு சாருகேசி ராகத்துல மன்மத லீலையை பாடறதைப் பாத்து கைதட்டிட்டு இருக்கு, பாடுன ஆளு கம்பிக்குப் பின்னாடி. இதை நெனச்சா எனக்கு இப்பவும் நெஞ்சு அடைக்கும்.

1945ல ஆயுள் தண்டனை, ஹைகோர்ட்டு அப்பீலும் தள்ளுபடி, லண்டன்ல அப்ப கடைசி அப்பீல் கோர்ட்டா இருந்த பிரிவி கவுன்சில் வரைக்கும் போயி அவங்க திரும்ப விசாரிக்கச் சொல்லி அனுப்பி, 1947 ஏப்ரல்ல ஹைகோர்ட்டே அவரையும் என்.எஸ்.கே.யையும் குற்றவாளி இல்லன்னு விடுதலை பண்ணுச்சு. கிட்டத்தட்ட ரெண்டரை வருசம் உள்ள. பணம் குடுத்து வெளிய வர்ற ஆளு ரெண்டரை வருசம் களி தின்னுட்டா வருவான்? கோர்ட்டு குற்றவாளி இல்லன்னு சொன்ன பெறகும் 'ஆனாலும் ஏதோ இருக்கும்பா'ன்னு நாக்கை சொழட்டறது நம்மகிட்ட இருக்கற பழக்கம், அது விடணும்.

மார்க்கெட் போனதுக்கு ஜெயில் மட்டும் காரணம்னு நான் ஒத்துக்க மாட்டேன். அதே கேஸ்ல அதே ஜெயில்ல இருந்த என்.எஸ்.கே. வெளிய வந்து 1949ல நல்லதம்பி, 1951ல மணமகள், 1952ல பணம்னு வேலையைப் பாத்துட்டே இருந்தாரு. மாறுனது சினிமா. பாகவதரோட ராஜமுக்தி 1948ல வந்து ஓடல. 1949ல வேலைக்காரி, 1950ல மந்திரி குமாரி, வசனத்துக்கு கைதட்டற காலம் வந்துருச்சு, 1952ல பாகவதருக்கு அமரகவி, சியாமளான்னு ரெண்டு படம், அதே வருசம் பராசக்தி. அப்பறம் எப்படி? ஒரே படத்துல வரிசையா பாட்டு பாடி நிக்கற ஹீரோவை புதுசா வந்த ஜனங்க தேடல. ஆனா அந்தக் குரல் சாகல பாருங்க, நம்ம மதுரை சௌராஷ்டிரா பையன் டி.எம். சௌந்தரராஜன் 1950ல கிருஷ்ண விஜயத்துல பாடுன முதல் பாட்டே பாகவதர் பாணியிலதான், பாகவதரோட சிந்தாமணி படத்துல வர்ற "ராதே உனக்கு கோபம்" பாட்டை ஒட்டி. பின்னாடி அவரு பாடாத ஹீரோ உண்டா.

கேள்வி: அந்தமானுக்கு அனுப்பி அங்க சித்ரவதை பண்ணதுல தான் உடம்பு போச்சுன்னு எங்க மாமா சொல்றாரு.
வாசகி, மேலூர்

பதில்: இல்லம்மா. அந்தக் காலத்துல ஆயுள் தண்டனையை தீவாந்தர தண்டனைன்னு சொல்லுவாங்க, அதைக் கேட்டு அந்தமான்னு நெனச்சுட்டாங்க. 1942 மார்ச்ல இருந்து 1945 அக்டோபர் வரைக்கும் அந்தமான் ஜப்பான்காரன் கையில இருந்துச்சு, வெள்ளைக்காரன் தன் கைதியை அங்க எப்படி அனுப்புவான்? அவரு இருந்தது இங்க நாட்டுக்குள்ள தான்.

கேள்வி: பொள்ளாச்சியில யாரோ மருந்துல விஷம் வச்சுக் குடுத்துதான் செத்தாராமே?
வாசகர், சோழவந்தான்

பதில்: பொள்ளாச்சிக்கு கச்சேரிக்குப் போன எடத்துல யாரோ ஒருத்தர் சக்கரைக்கு நல்லதுன்னு நாட்டு மருந்து குடுத்தாரு, அதை சாப்ட்டதுக்கு அப்பறம் உடம்பு மோசமாச்சுன்னு அவரைப் பத்தி எழுதுன பல பேர் எழுதிருக்காங்க. அதுவரைக்கும் சரி. ஆனா மருந்து ஒத்துக்கலங்கறது வேற, விஷம் வச்சாங்கங்கறது வேற. கொல்லணும்னு குடுத்ததா ஒரு துண்டு ஆதாரத்தைக்கூட இது வரைக்கும் யாரும் காட்டல. அப்பவே மார்க்கெட் இல்லாத, உடம்பு முடியாத மனுசனைக் கொன்னு யாருக்கு என்ன லாபம்? பெரும்பாலும் அன்புல குடுத்திருப்பாங்க, 'சாமி இதை சாப்டுங்க, எங்க அப்பாருக்கே சரியாச்சு'ன்னு.

எனக்கு விஷத்தை விட இந்த அன்புதான் பயமா இருக்கு. எங்க தெருவுலயே ஒருத்தர், நல்லா ஊசி போட்டு சக்கரையை கட்டுக்குள்ள வச்சிருந்தவரு, சொந்தக்காரங்க குடுத்த லேகியத்தை நம்பி ஊசியை நிப்பாட்டிட்டாரு, காலு புண்ணாகி ரெண்டு விரலை எடுக்க வேண்டியதாப் போச்சு. ஊசியை தடக்குன்னு நிப்பாட்டுனா ரத்தத்துல சக்கரை ஏறி மயக்கம் வரைக்கும் போகும், என்ன கலந்திருக்குன்னு தெரியாத பொடி கிட்னியை கெடுத்துரும். எதை சாப்ட்டாலும் பாத்துட்டு இருக்கற டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு சாப்டுங்க, சொல்லாம மட்டும் சாப்டாதீங்க.

கேள்வி: சிந்தாமணி தியேட்டர் பாகவதரோட சொந்த தியேட்டர், கேஸுக்காக வித்துட்டாருங்கறது நெசமா? எங்க அம்மா அங்கதான் படம் பாப்பாங்களாம்.
வாசகி, நெல்பேட்டை

பதில்: அவரோடது இல்லம்மா. 1937ல வந்த சிந்தாமணி படத்தை எடுத்தது நம்ம மதுரை ராயல் டாக்கீஸ்காரங்க, ஒய்.வி. ராவ் டைரக்சன். படம் ஒரு வருசத்துக்கு மேல ஓடி அள்ளிக் குவிச்சுருச்சு, அந்த லாபத்துல கட்டுனதுதான் கீழவெளி வீதி சிந்தாமணி, படம் பேரையே தியேட்டருக்கும் வச்சுட்டாங்க. அவரு பாடி சம்பாதிச்சுக் குடுத்த கட்டடம்னு சொல்லுங்க, அது பொருத்தம். அவரு வித்த கட்டடம் இல்ல. இப்ப அந்தத் தியேட்டரே இல்லாமப் போச்சே, அதுல எனக்கு வருத்தம் உண்டு. உங்க அம்மாகிட்ட எந்தெந்தப் படம் பாத்தாங்கன்னு கேட்டு எழுதி அனுப்புங்க, அடுத்த மாசம் போடறேன்.

கேள்வி: நாடக மேடைப் பாட்டுக்காரர் எஸ்.ஜி. கிட்டப்பா சின்ன வயசுல செத்ததுக்கு செய்வினை தான் காரணம்னு நாடகக்காரங்க சொல்லுவாங்க. அவரு சம்சாரம், நடிகை கே.பி. சுந்தரம்பாள் பேரும் அதுல அடிபடும்.
வாசகர், உசிலம்பட்டி

பதில்: அடிபட விடாதீங்கய்யா. கிட்டப்பா 1933 டிசம்பர்ல செத்தப்ப 30 வயசு கூட ஆகல. ராத்திரி பூரா மைக் இல்லாம கொட்டகை கடைசி வரிசை வரைக்கும் கேக்கற மாதிரி பாடி, பகல்ல பயணம் பண்ணி, மறுபடி ராத்திரி மேடை, இப்படியே வருசக்கணக்கா ஒழைச்ச உடம்பு, அதுல நோயும் சேந்துச்சு. எலுமிச்சம்பழமும் தகடும் எதுக்கு?

ஆம்பள சின்ன வயசுல செத்தா பக்கத்துல இருந்த பொம்பளையைக் கைகாட்டறது நம்ம ஊர்ல பழைய வியாதி. அந்தம்மா அன்னைக்கு வெள்ளைச் சேலை கட்டுனவங்க தான், 25 வயசுல. அதுக்கப்பறம் ஆம்பள நடிகரோட ஜோடி போட மாட்டேன்னு வைராக்கியமா இருந்து, 1935ல நந்தனார் படத்துல ஆம்பள வேசத்துல நடிக்க அந்தக் காலத்துலயே ஒரு லட்சம் ரூபா சம்பளம் வாங்குனாங்க. 1980ல சாகற வரைக்கும் அந்த வெள்ளைச் சேலையை மாத்தல. உங்க நாடகக்கார நண்பர்கள்கிட்ட இதையும் சேத்து சொல்லுங்க.