சின்னப் பசங்கள எடுத்தா முதலாளிக்கு வரிச்சலுகையா?

கேள்வி (வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்): அண்ணே, என் பையனுக்கு 22 வயசு. அவன மாதிரி பசங்கள வேலைக்கு எடுத்தா முதலாளிக்கு அரசாங்கம் காசு குடுக்குதாமே, அப்ப எங்கள மாதிரி வயசானவங்கள வெளிய அனுப்பிருவாங்களா?

பதில்: காசா கையில குடுக்கறதில்ல தங்கச்சி. 2014 ஜனவரியில வந்த சலுகை இது, 18லருந்து 29 வயசுக்குள்ள உள்ளவங்கள குறைஞ்ச சம்பளத்துல புதுசா எடுத்தா, தொழிலாளிங்க சம்பளத்துல பிடிச்சு சார்ஸுக்கு, அதாவது தென்னாப்பிரிக்க வரித்துறைக்குக் கட்டற வரியில ஒரு பகுதிய முதலாளி கட்டாம வச்சுக்கலாம், ஆளுக்கு முதல் 12 மாசம் மாசத்துக்கு அதிகபட்சம் 1,500 ராண்ட், அடுத்த 12 மாசம் 750. இதுக்காகப் பழைய ஆள நீக்கினா ஆளுக்கு 30,000 ராண்ட் அபராதம், அதனால பயப்படாத.

எனக்குக் கோவம் வர்றது வேற விஷயம். படிக்கிற பசங்கள பேருக்கு வேலையாள்னு எழுதி, வேலையே குடுக்காம, சம்பளத்த பயிற்சிக் கட்டணம்னு திருப்பி எடுத்துக்கிட்டு சில கம்பெனிங்க சலுகைய மட்டும் வாங்கிச்சு. வேலையில்லாத பிள்ளைங்க பேர்ல அடிச்ச கொள்ளை இது! 2021ல சட்டத்த இறுக்கினாங்க, நிஜமா வேலை செய்யணும்னு. பையன் கான்ட்ராக்ட்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி என்ன வேலை, சம்பளம் அவன் கைக்கு வருதான்னு கேக்கச் சொல்லு, மாசாமாசம் பேஸ்லிப் வாங்கி வைக்கச் சொல்லு.