சுபேதார் பதில்கள்: செக்கோஸ்லோவாக்கியா, 1938

கேள்வி: 1938-ல் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு பிரான்ஸ், ரஷ்யா இரண்டும் கூட்டாளிகள். அப்படியிருந்தும் சண்டையே போடாமல் எல்லைப் பகுதியை ஹிட்லருக்கு விட்டது ஏன்?
— கல்லூரி மாணவி, குன்னூர்

பதில்: கூட்டாளிகள் இருந்தது உண்மைதான் அம்மா. பிரான்சோடு 1924-லேயே ஒப்பந்தம். சோவியத்தோடு 1935 மே மாதம் இன்னொன்று. ஆனால் இந்த இரண்டாவதில் ஒரு கொக்கி உண்டு. பிரான்ஸ் முதலில் உதவிக்கு வந்தால்தான் சோவியத்தும் வரும். அந்த நிபந்தனையைக் கேட்டு வாங்கியதே அப்போது வெளியுறவு அமைச்சராக இருந்த பெனெஷ்தான். மாஸ்கோவோடு மட்டும் தனியாக மாட்டிக்கொள்ளக் கூடாதே என்ற கவலை அவருக்கு. பிரான்சோ பிரிட்டன் கூட வராமல் நகராது. பிரிட்டனுக்கு செக் தலைநகர் ப்ராக்கோடு ஒப்பந்தமே கிடையாது! ஆக, கையெழுத்தே போடாதவன் முடிவுக்காக மற்ற எல்லோரும் காத்திருந்தார்கள்.

சரி, சோவியத் வருவதாகவே வைத்துக்கொள்ளுங்கள். வழி எங்கே? நடுவில் போலந்தும் ருமேனியாவும். போலந்து விடவே விடாது. அந்த அக்டோபரில் அதுவும் தன் பங்குக்கு செக்கோஸ்லோவாக்கியாவின் டெஷன் பகுதியைப் பிடுங்கிக்கொண்டது. ருமேனியா, யூகோஸ்லாவியாவோடு ஒரு கூட்டு இருந்தது. அது ஹங்கேரியை மனதில் வைத்துச் செய்தது, ஜெர்மனி வந்தால் உதவாது.

எல்லைப் பகுதியை ஹிட்லருக்குக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் செப்டம்பர் 30 அதிகாலை ஜெர்மனியின் மியூனிக் நகரில் கையெழுத்துப் போட்டவர்கள் ஹிட்லர், இத்தாலியின் முசோலினி, பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லின், பிரெஞ்சுப் பிரதமர் டலாடியே. நாட்டைப் பறிகொடுத்தவர்களின் பிரதிநிதிகளை அறைக்குள்ளேயே விடவில்லை.

கேள்வி: எல்லை மலைகளில் ஆயிரக்கணக்கில் பங்கர் (கான்கிரீட் காவல் அரண்) கட்டினார்களாமே, எல்லாம் வீண்தானா?
— ஒரு வாசகர், கேத்தி

பதில்: எனக்குப் பிடித்த கேள்வி. 1938 செப்டம்பருக்குள் சிறிய பங்கர் மட்டும் சுமார் 10,000 முடித்துவிட்டார்கள். பெரியவை 200-க்கு மேல். சிறியதில் ஏழு பேர்வரை இருக்கலாம், பெரும்பாலும் இரண்டு மெஷின் கன். வேடிக்கை என்னவென்றால், எதிரி வரும் பக்கம் துப்பாக்கித் துளையே கிடையாது. அங்கே கல்லும் மண்ணும் குவித்து மூடியிருக்கும். துளைகள் இரண்டு பக்கவாட்டிலும்தான். உங்கள் கேத்திச் சரிவில் தேயிலைக்கு நடுவே வரிசையாக இப்படிக் கட்டியிருப்பதாக நினைத்துப் பாருங்கள். என் முன்னால் ஏறி வருகிறவனை நான் சுடமாட்டேன், பக்கத்துப் பங்கர்க்காரன் சுடுவான். அவன் முன்னால் வருகிறவன் என் பொறுப்பு. எதிரியின் பீரங்கிக்கோ நேராகச் சுட ஓட்டை கிடைக்காது. பக்கத்துக்காரன் ஓடிவிட்டால் மட்டும் நம் கதை முடிந்தது.

வீண் என்று நான் சொல்லமாட்டேன். கெட்டியான வரிசை வடக்கே இருந்தது. 1938 மார்ச்சில் ஆஸ்திரியாவை ஹிட்லர் விழுங்கியதும் தெற்கு எல்லையிலும் ஜெர்மன் படை வந்து நின்றது. அங்கே வேலை பாதிகூட ஆகவில்லை. எஞ்சினியர்கள் மேல் என்ன குற்றம்?

கேள்வி: அவர்களிடம் சொந்த ஆயுதத் தொழிற்சாலை இருந்ததா?
— தொழிலாளர், அருவங்காடு

பதில்: கார்டைட் (வெடிமருந்து) ஃபேக்டரி ஊர்க்காரர் இதைக் கேட்காவிட்டால்தான் ஆச்சரியம்! பில்சனில் ஸ்கோடா, பர்னோவில் துப்பாக்கி ஆலை, ப்ராக்கில் டாங்க். வெலிங்டனில் நான் ரெக்ரூட்டாக இருந்தபோது பிரென் எல்எம்ஜி-யை (இலகுரக மெஷின் கன்) கண்ணைக் கட்டிவிட்டுப் பிரித்துப் பூட்டச் சொல்வார்கள். மேலே மேகசின் செருகுகிற அந்தத் துப்பாக்கியின் மூல வடிவம் பர்னோவில் பிறந்ததுதான். ஹவில்தார் அதைச் சொல்லித் தரவில்லை, ஓய்வுக்குப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1939-ல் ஆலைகள் அப்படியே ஹிட்லர் கைக்குப் போயின. அடுத்த ஆண்டு ஜெர்மன் தளபதி ரோமெல் பிரான்சுக்குள் கொண்டுபோன டாங்குகளில் நிறைய ப்ராக்கில் செய்தவை. கூட்டாளியைக் கைவிட்ட பிரான்சுக்கு அவன் டாங்கே வந்து சேர்ந்தது.

கேள்வி: பெனெஷ் இடத்தில் நீங்கள் இருந்தால்?
— வாசகர், கூடலூர்

பதில்: சண்டைதான். செப்டம்பர் 23 இரவு ரேடியோவில் அணிதிரட்டல் அறிவித்ததும் பத்து லட்சத்துக்கு மேல் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். படைத் தலைவர் கிரெய்ச்சியும் தளபதிகளும், அப்போது அதிபராக இருந்த பெனெஷிடம் போய்ச் சண்டை போடலாம் என்று மன்றாடினார்கள். அவர் ஒப்பவில்லை. தனியாக நின்றால் நாடே அழியும், போரை மூட்டியவன் என்ற பழியும் தன் தலையில் விழும் என்று நினைத்தார். நாட்டுக்குள்ளேயே 30 லட்சத்துக்கு மேல் ஜெர்மானியர். அதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவரைக் கோழை என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் 1939 மார்ச் 15-ல் ஜெர்மன் படை ப்ராக்குக்குள் நுழைந்தபோது பங்கர் வரிசை ஏற்கெனவே எதிரி கையில். செப்டம்பரில் இருந்த வாய்ப்பு அப்போது இல்லை. அதனால் நான் தளபதிகள் பக்கம்.

பின்லாந்து பற்றி உதகை வாசகர் கேட்டதற்கு இந்த முறை இடமில்லை, அடுத்த இதழில்.